மடித்து வைத்த கவசம்

என் அத்தைக்கு அவள் வேலை செய்த ஸ்கேன் மையத்தில் உடும்பு என்று பெயர். அப்பாவின் தங்கை அவள். அப்பா அவளை இன்னும் 'குட்டி' என்றுதான் கூப்பிடுவார். ஐம்பதை நெருங்கும் ஒரு பெண்ணை யாராவது அப்படிக் கூப்பிட்டால் வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உடும்பு என்ற பெயரை வைத்தவர் மையத்தில் எக்ஸ்ரே எடுப்பவர். அத்தை பிடித்தால் உடும்புப் பிடி. அவள் பிடிப்பது குழந்தைகளை.

கணவர் இறந்தபின் ஒரே ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த மையத்தில் தரை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். நான் அப்போது பள்ளிக்கே போக ஆரம்பிக்கவில்லை. சேர்ந்த புதிதில் ஒரு நாள், நெஞ்சில் சளி கட்டிய குழந்தை ஒன்று எக்ஸ்ரே பலகையின் முன் நிற்காமல் துள்ளியிருக்கிறது. அதன் அம்மா, கதிர் மேலே படும் என்று பயந்து வெளியே போய்விட்டாள். எக்ஸ்ரே எடுப்பவர் சுற்றும் முற்றும் பார்த்து, துடைப்பத்தோடு நின்றவளிடம், "அக்கா, கொஞ்சம் பிடிங்களேன்" என்றிருக்கிறார். அந்தக் 'கொஞ்சம்' இருபது வருடத்துக்கு மேல் நீண்டது.

அவள் பிடிப்பதை நான் கதவின் கண்ணாடி வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். குழந்தையின் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காதோடு சேர்த்து அழுத்துவாள். தலை இரண்டு கைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பிறகு குனிந்து, "மூச்சை முழுங்கிடு பார்க்கலாம். முழுங்கினாத்தான் படத்துல உன் வயித்துல இருக்கிற பூனை தெரியும்" என்பாள். பூனையா என்று குழந்தை யோசிக்கும் அந்த நொடியில் படம் எடுக்கப்பட்டுவிடும். ஆடாத படம். இரண்டாவது முறை எடுக்க வேண்டியதே இல்லை. அக்கம்பக்கத்து டாக்டர்கள் குழந்தைகளை அந்த மையத்துக்கே அனுப்பியதற்கு இதுதான் காரணம்.

"கதிர் ஆகாதாமே, நீங்களே பிடிச்சுக்குங்கக்கா" என்று அம்மாக்கள் நழுவுவார்கள்.

"எனக்கு மட்டும் ஆகுமா? போ, நான் பழைய இரும்பு" என்பாள் அத்தை.

பிடிக்கும்போது அவள் ஈயக் கவசம் அணிவாள். தோளிலிருந்து முழங்கால்வரை தொங்கும், ரப்பரோடு ஈயம் கலந்த கனத்த அங்கி. அதை மாட்ட ஒரு ஆணி இருந்தது. ஈரம் ஊறிய சுவர் அந்தக் கனத்தைத் தாங்காமல் ஆணியை உதிர்த்துவிட்டது. அதன்பின் அத்தை தினமும் வேலை முடிந்ததும் கவசத்தை ஈரத்துணியால் துடைத்து, குறுக்கே பாதியாக மடித்து, அதை மறுபடி பாதியாக மடித்து, மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டு அலமாரியில் வைப்பாள். எங்கள் வீட்டுத் துணிகளையும் அவள்தான் மடிப்பாள். கடையில் இருந்து அப்போதுதான் வந்தது போல இருக்கும்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அப்பா லாரிகளுக்கு வண்ணம் அடிப்பவர். நான் உயிரியல் படித்து, இப்போது ஆராய்ச்சி மாணவி. என் வேலை எலிக்குடல். மிகக் குறைந்த அளவு கதிர்வீச்சு பட்ட எலிகளின் குடலைத் தாளைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பேன். அதனால் வீட்டில் எனக்கும் ஒரு பெயர் உண்டு: எலிக்காரி. வைத்தது அத்தை.

குடலின் உட்சுவரில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில தாய்ச் செல்கள். அவை பிரிந்துகொண்டே இருக்கும். பிறந்த செல்கள் குழியின் சுவரில் மேலே ஏறி, சில நாள் உழைத்து, உதிர்ந்துவிடும். உடம்பில் இத்தனை வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்கள் குறைவு. அதிகக் கதிர் பட்டால் இந்த வரிசையே அழிந்துவிடும், யார் கண்ணுக்கும் தெரியும். குறைந்த கதிர் வேறு மாதிரி. ஒரு பெரிய தெருவில் யாரோ ஒருவர் மட்டும் காணாமல் போன மாதிரி. குழியின் அடியில் அடிபட்ட செல் ஒன்று தன்னைத்தானே முடித்துக்கொண்டு சுருங்கிக் கிடக்கும். அதைத் தேடுவதுதான் என் வேலை. என் பேராசிரியர் சொல்வார்: "செத்ததைப் பார்த்து பயப்படாதேம்மா. அது யோக்கியமான செல். அடிபட்டும் சாகாம, பிள்ளை பெத்துக்கிட்டே இருக்குதே, அதுக்குத்தான் பயப்படணும்." பெருங்குடலில் செல்கள் அவ்வளவு சுலபமாகத் தம்மை முடித்துக்கொள்வதில்லை என்றும் சொல்வார். இதையெல்லாம் நான் சுவாரசியமாகக் கேட்டுக் குறித்துக்கொள்வேன். அப்போது அது எலியின் குடல் மட்டும்தான்.

ஒரு காலையில் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அத்தை கழிவறையிலிருந்து வெளியே வந்து, உள்ளே போகப்போன என்னைத் தடுத்தாள். "இரு, பக்கத்து வீட்ல ஒரு வாளி வாங்கிட்டு வந்து ஊத்திட்டு..." என்று முடிப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன். ரத்தம்.

"எப்பலேர்ந்து அத்தை?"

"சூடுடி. உடம்புச் சூடு. வேற ஒண்ணுமில்ல."

"எப்பலேர்ந்துன்னு கேட்டேன்."

"கத்தாதே. அண்ணன் காதுல விழும்." வாளியை எடுத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ரத்தம் வர எத்தனையோ காரணம் உண்டு. மூலம் இருந்தால்கூட வரும். என் மனம் அங்கெல்லாம் நிற்கவே இல்லை. நேரே குழிகளின் அடிக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலமே அவளைக் கூட்டிவர மையத்துக்குப் போனேன்.

எக்ஸ்ரே அறையில் அவள் கவசத்தை மடித்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக நடந்த காரியம். அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. மேலுறையில், மடிப்பு விழும் இடத்தில், ஒரு வெளிறிய கோடு. விரலால் அழுத்தினேன். மற்ற இடமெல்லாம் விறைப்பாக இருக்க, அந்த இடம் மட்டும் பல் விழுந்த ஈறு போல உள்ளே போனது.

"அண்ணே, இதுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்க முடியுமா?" என்றேன்.

எக்ஸ்ரே எடுப்பவர் கையிலிருந்த டீ சிந்தச் சிரித்தார். "கவசத்துக்கா? ஏன், அதுக்கும் நெஞ்சுல சளியா?"

"எடுங்கண்ணே."

"ஆராய்ச்சிக்காரங்க சொன்னா எடுத்துத்தானே ஆகணும்." கவசத்தை மேசைமேல் விரித்தார். நாங்கள் கதவுக்கு வெளியே நின்றோம். திரையில் படம் வந்தது. கதிரை ஈயம் தடுக்கும் இடமெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளையின் நடுவே, குறுக்காக, கறுப்பாக ஒரு கோடு. கோடுகூட இல்லை; கிளை கிளையாகப் பிரிந்து ஓடிய வெடிப்பு. அதை வெட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக இன்னொன்று.

அவர் டீயைக் கீழே வைத்தார்.

"என்ன தம்பி அது, வறண்ட ஏரி மாதிரி?" என்றாள் அத்தை, எங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து.

"மடிப்புத்தான் அக்கா. மடிச்சு மடிச்சு உள்ள ஈயம் விரிஞ்சிருக்கு." அவர் குரல் இறங்கியிருந்தது. "இதைத் தொங்கத்தான் விடணும்னு கொண்டுவந்து குடுத்தவன் சொன்னான். ஆணி தாங்கல... நானும் அப்படியே விட்டுட்டேன்."

அத்தை கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். கோடு எங்கே விழுகிறது என்று மூன்று பேருமே பார்த்தோம். தொப்புளுக்குச் சற்றுக் கீழே.

"எவ்வளவு போயிருக்கும்?" என்று அவரைக் கேட்டேன்.

"கொஞ்சம்தான். நேர்க் கதிர் இல்லையே, குழந்தைமேல பட்டுச் சிதறி வர்றதுதானே."

"கொஞ்சம்னா?"

அவர் சட்டையில் ஒரு பட்டை குத்தியிருந்தது. அவர்மேல் படும் கதிரை அளப்பதற்காக. அத்தைக்கு அப்படி எதுவும் கொடுத்ததே இல்லை. மையத்தைப் பொறுத்தவரை அவள் தரை துடைப்பவள்; தரை துடைப்பவள்மேல் கதிர் படாது. பிறகுதான் படித்தேன், குழந்தையைப் பிடிக்க ஒரே பணியாளரை நாள்தோறும் நிறுத்தவே கூடாது, வீட்டார் ஒருவர் பிடிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொது விதி என்று. அம்மாக்களின் பயத்தையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள். யாரும் அளக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாள். "அப்ப என் குடலுக்குள்ள போயிருக்கு."

"போனாலும் அங்கேயே தங்காது அத்தை. வெளிச்சம் மாதிரி. வந்துட்டுப் போயிடும்."

"வந்துட்டுப் போறவன் சும்மாவா போவான்?"

மறுநாள் அவளை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்த்துவிடலாம் என்றார் அவர். பார்த்தால்தான் தெரியும், இப்போதே பார்த்தால் எதுவாக இருந்தாலும் எடுத்துவிடலாம், தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு போய்விடும் என்று எனக்கே பாடம் சொல்வது போலச் சொன்னார். எனக்குத் தெரியாதா? அத்தைதான் மாட்டேன் என்றுவிட்டாள்.

"குட்டி, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடேன்" என்றார் அப்பா.

"பாத்தாத்தாண்ணே இருக்கும். பாக்காதவரைக்கும் இல்ல."

"பூனை கண்ணை மூடிக்கிட்ட கதையா?"

"ஆமா, பூனைதான். நீ பெயின்ட்டைப் பாரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து வேறு ஆளாக ஆனாள். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். உட்கார்ந்தால் ஒரு கை வயிற்றின்மேலேயே இருந்தது, யாரோ தட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது போல. மையத்துக்குப் போனாள், தரை துடைத்தாள், எக்ஸ்ரே அறைக்குள் மட்டும் கால் வைக்கவில்லை. அதைவிட ஒன்று என்னைக் கலக்கியது. பக்கத்து வீட்டுக்காரி தன் கைக்குழந்தையை வழக்கம்போல நீட்டினாள். அத்தை இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "கை ஈரம்" என்றாள். கை ஈரமில்லை. தன் உடம்பிலிருந்து குழந்தைக்குக் கதிர் ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாள். ஒட்டாது என்று எத்தனை விதமாக விளக்கினாலும் தலையாட்டுவாள். அடுத்த நாளும் கைகள் பின்னாலேயே இருக்கும்.

படித்த பெண் நான் என்ன செய்தேன்? கண்ணால் பார்த்தால் பயம் போய்விடும் என்று முடிவுகட்டி, அவளை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனேன். உயரமான முக்காலியில் உட்காரவைத்து, நுண்ணோக்கியைச் சரிசெய்து கொடுத்தேன்.

"அடியே, பூ மாதிரில்ல இருக்கு" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் குரலில் ஒரு வியப்பு. "இது கெட்டுப்போனதா?"

"இல்ல அத்தை. இது கதிரே படாத எலி." கண்ணாடித் தகட்டை மாற்றினேன். "இது கொஞ்சமாப் பட்ட எலி."

நெடுநேரம் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"ஆமா!" என்றேன், பரீட்சையில் முதலாவதாக வந்தது போல. "பாத்தியா? வித்தியாசமே தெரியாது."

அவள் கண்ணை எடுத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அப்ப எப்படிடி கண்டுபிடிப்ப?"

"தேடணும். ரொம்ப நாள் தேடணும். குழிக்கு அடியில ஒண்ணு ரெண்டு..."

சொல்லச் சொல்லத்தான் எனக்கே புரிந்தது. ஆறுதல் என்று நான் நீட்டியதுதான் அவள் பயமே. கெட்டதும் நல்லதும் ஒரே மாதிரி இருக்கும். அதையே நாள்தோறும் தேடும் என்னாலேயே பார்த்தவுடன் சொல்ல முடியாது.

"அந்த எலி இப்ப எங்க?"

நான் தகட்டை எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

"கேட்டேன் பாரு. அதோட குடல்தானே இது." முக்காலியிலிருந்து இறங்கி, என் கையைப் பிடிக்காமல் வெளியே நடந்தாள்.

அதன்பின் சில நாள் என்னோடு பேசவில்லை. நான் அவளை எதற்காக அங்கே கூட்டிப்போனேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அவளுக்காகத்தானா? எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆளாவது நான் செய்வதை வந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அதில் கலந்திருக்கவில்லையா? இருந்தது. எவ்வளவு என்று என்னாலும் அளக்க முடியவில்லை.

மையத்துக்குப் புதுக் கவசம் வந்தது, அதைத் தொங்கவிட இரும்புத் தாங்கியோடு. அத்தை தொடவில்லை. ஒரு பிற்பகல் நான் அவளுக்காக முன்னறையில் காத்திருந்தபோது, விடாமல் இருமும் ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"நீங்கதான் பிடிக்கணும்மா" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர்.

"ஐயோ, நானா? இங்க ஒரு அக்கா பிடிப்பாங்கன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க." துடைப்பத்தோடு நின்ற அத்தையைக் கண்டுகொண்டாள். "நீங்கதானே? ப்ளீஸ்க்கா. எனக்குப் பயமா இருக்கு. நீங்க பழகினவங்க."

"பழகினவளுக்குத்தான்மா பயம்" என்றாள் அத்தை.

அந்தப் பெண் விழித்தாள். "அப்ப எனக்கு ஏதாவது ஆயிடுமா?"

"ஒரு தடவைக்கு, அந்தப் புதுக் கவசத்தைப் போட்டுக்கிட்டா, ஆகாது."

"நிச்சயமா?"

அத்தை என்னைப் பார்த்தாள். பேசாமலிருந்த நாட்களுக்குப் பிறகு அதுதான் முதல் பார்வை. நான் தலையசைத்தேன். அது எனக்குத் தெரிந்த விஷயம், தயங்கத் தேவையில்லை.

கதவு மூடியது. உள்ளே குழந்தை வீறிட்டது. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. "ஆடிடுச்சும்மா, இன்னொண்ணு எடுக்கணும்" என்று அவர் சொல்வது கேட்டது. இன்னொரு படம் என்றால் அந்தச் சின்ன உடம்புக்கு இன்னொரு முறை கதிர். அத்தை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவுவரை போனாள்; உள்ளே போகப்போகிறாள் என்று நான் எழுந்துவிட்டேன். அவள் கதவில் வாயை வைத்துக் கத்தினாள்: "கையை மேல தூக்கும்மா! காதோட சேத்து அழுத்து! பாவம் பாக்காதே, அழுத்து! பூனைக் கதை சொல்லு!"

"என்ன பூனை?" என்று உள்ளிருந்து அழுகைக் குரல் வந்தது.

"ஏதோ ஒரு பூனை! உன் வீட்டுப் பூனை!"

விளக்கு எரிந்து அணைந்தது. "வந்துடுச்சு" என்றார் அவர்.

வெளியே வந்த அந்த அம்மாவின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அத்தை அவள் தோளிலிருந்து கவசத்தை இறக்கித் தாங்கியில் மாட்டினாள். தாய்க்கும் பிள்ளைக்கும் தண்ணீர் கொடுத்தாள். அவர்கள் போனபின் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு பயந்துக்கிட்டேதானே உள்ள போனா?"

"ஆமா."

"பயம் போகட்டும்னு காத்துக்கிட்டு நிக்கல."

"இல்ல."

"அந்தக் குழாய் டாக்டர்கிட்ட நாள் கேளு. இப்பவே கேளு. ராத்திரி ஆனா மனசு மாறிடுவேன்."

மாறவில்லை. குடலைக் கழுவக் கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டு, "உன் எலிக்கும் இதைத்தான் குடுப்பியா?" என்று திட்டினாள். மருத்துவமனை அங்கியில் அவள் சிறுத்துத் தெரிந்தாள். தள்ளுவண்டி உள்ளே போகும்போது என்னைத் தேடவில்லை, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருங்குடலில் காளான் போல ஒரு சதை மொட்டு இருந்தது. எடுத்துவிட்டார்கள். ரத்தம் அதிலிருந்துதான். சோதனை முடிவு வந்தபோது, புற்று இல்லை என்றார் டாக்டர். ஆனால் விட்டிருந்தால் சில வருடங்களில் அப்படி மாறக்கூடிய வகை. மறுபடி முளைக்கலாம். சில வருடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.

"கதிர்னால வந்திருக்குமா டாக்டர்?" என்றேன்.

"இந்த வயசுல இது யாருக்கு வேணா வரும்."

"அப்ப அதனால இல்லைன்னு சொல்லலாமா?"

"அதையும் எப்படிச் சொல்றது? மொட்டுமேல எழுதியா இருக்கு?" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அத்தை உட்கார்ந்தாள். அப்பாவுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர் அழுவது எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்காதபடி போனை மாற்றிப் பிடித்தேன். கொஞ்ச தூரம் போனபின் அவள் கேட்டாள்.

"அந்தக் கோடுதான் பண்ணுச்சா?"

"தெரியல அத்தை."

"டாக்டருக்குத் தெரியல, சரி. உனக்குமா?"

"யாருக்குமே தெரியாது. இவ்வளவு கம்மியாப் பட்டா என்ன ஆகும்னு இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்."

அவள் கை வயிற்றுக்குப் போனது. "அடிபட்டும் சாகாம, பிள்ளை பெத்துக்கிட்டே இருக்கும்னு எப்பவோ சாப்பிடும்போது சொன்னியே. அது ஒண்ணு இன்னும் உள்ள உக்காந்திருக்குமா?"

எப்போதோ நான் பெருமையாக அளந்ததை அவள் மறக்கவே இல்லை. இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"இருக்கலாம்" என்றேன். "இல்லாமலும் இருக்கலாம்."

வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாம்லடி."

"சொன்னா நம்பியிருப்பியா?"

"ஒரு வாரம் நம்பியிருப்பேன்" என்றாள். "ஒரு வாரம் வயிறாரத் தின்னிருப்பேன்."